இரண்டு வருஷம் ஓடினால் போதும் என்றேன்

பாபு,

உறையைப் பிரித்ததும் இந்த எழுத்தின் அளவைப் பார்த்து நீ திடுக்கிட்டிருப்பாய். கான்வென்டில் ஆறு வருஷம் தொடர்ந்து கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். கோடு போடாத தாளிலும் கோடு பிசகாமல் எழுதுவேன். இன்று கறுப்பு ஸ்கெட்ச் பேனாவை வைத்துக்கொண்டு, சிறு பிள்ளை சுவரில் எழுதுவதுபோல், பக்கத்துக்கு எட்டு வரிதான் எழுத முடிகிறது. காரணத்தைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் சொல்லாமலே விட்டுவிடுவேன். என் கண் போய்க்கொண்டிருக்கிறது. வலது கண்ணின் நடுவில், யாரோ ஈர விரலால் தேய்த்ததுபோல் ஒரு கறை. இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது என்கிறார்கள். உன்னிடம் நான்கு மாதமாக மறைத்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வாக்கியத்தை என் வாழ்நாளில் யாருக்கும் எழுதியதில்லை. எழுதிய பிறகு அதையே ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு நீயும் ஷீலாவும் அத்திபெலேயிலிருந்து ஒன்றரை மணி நேரம் டிராஃபிக்கில் உட்கார்ந்து, ரிச்சர்ட்ஸ் டவுனுக்குச் சாப்பிட வந்தீர்கள். சாப்பாட்டு மேஜையில் கிடந்த என் சின்ன டேப்லெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "என்ன மம்மி இது? டப்பா! ஸ்க்ரீன் பாருங்க, அழுக்குத் தண்ணி மாதிரி இருக்கு. இதை யார் உங்க தலையில கட்டினது?" என்றாய். "நானே பார்த்து வாங்கினேன்" என்றேன். "நீங்களா? மூணு வட்டம் போட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்டு நீ சிரித்தாய், ஷீலாவும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு குரலை இறக்கி, "மம்மி, கல்யாணத்துல நடந்ததைக் கேள்விப்பட்டேன். ஒரு தடவை மூளை டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாமா?" என்றாய். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து கத்தினேன். "என் மூளைக்கு ஒன்றும் இல்லை, உன் வேலையைப் பார்" என்று உன் மனைவி முன்னால் கத்தினேன். நீ மீன் குழம்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போனாய். அந்தக் கத்தலுக்கு நான் கொடுக்க வேண்டிய விளக்கம்தான் இந்தக் கடிதம். மூன்று நாளாக எழுதுகிறேன்.

மூன்று வட்டம் உனக்கு மறக்காது என்று எனக்குத் தெரியும். உனக்குப் பத்து வயது. சிவாஜிநகரில் ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கினோம். கடைக்காரரின் கண்ணாடி மேஜை மேலேயே ஒரு தாளை வைத்து உன்னைக் காம்பஸால் வட்டம் வரையச் சொன்னேன். முதல் வட்டம் சரியாக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் கால் நழுவி வட்டம் மூடவில்லை. "பார்த்தாயா, இரண்டு வட்டம் எல்லாக் காம்பஸும் போடும்" என்று சொல்லி வேறொன்று எடுக்க வைத்தேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், உனக்கு அழுகை வந்தது. பொருள் வாங்க நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் அந்த மேஜை மேல்தான். விலையைக் கடைசியில் கேள். கடை விளக்கில் பார்க்காதே, வெளிச்சத்துக்கு எடுத்துப் போ. தினமும் அந்தப் பொருளிடம் என்ன வேலை வாங்கப்போகிறாயோ, அந்த வேலையை அங்கேயே ஒரு தடவை கொடுத்துப் பார். அழகுக்காகக் கூடுதல் விலை கொடுக்காதே, உழைப்புக்குக் கொடுக்கத் தயங்காதே. இவை எல்லாம் இன்றும் சரிதான். ஆனால் இவற்றுக்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அதை நான் உனக்குச் சொல்லித் தரவில்லை, எனக்கே தெரிந்திருக்கவில்லை.

கண் விஷயம் குளியலறையில் ஆரம்பித்தது. சுவரின் டைல்ஸ் கோடு நடுவில் வளைந்திருந்தது. கட்டடம் இறங்குகிறதோ என்று நினைத்து மேஸ்திரிக்குப் போன் போட்டேன். அவர் வந்து மட்டம் வைத்துப் பார்த்து, "கோடு நேராதான் இருக்கும்மா" என்றார். அவருக்குக் கண் தெரியவில்லை என்று ஷீலாவிடம் குறைகூடச் சொன்னேன். பிறகு ஒரு நாள் இடது கண்ணைத் துடைக்கும்போது, திறந்திருந்த வலது கண்ணில் உன் டாடியின் படத்தைப் பார்த்தேன். சட்டை தெரிந்தது, மாலை தெரிந்தது, முகம் இல்லை. அன்று மாலையே ஆட்டோ பிடித்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு பெண் டாக்டர், கன்னடத்துப் பிள்ளை, பொறுமையாகப் பார்த்தாள். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட தாள் ஒன்றைக் காட்டினாள். நடுக் கட்டங்கள் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளிந்தன. கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், மாதம் ஒன்றாகச் சில மாதங்கள், போன பார்வை திரும்புவது நிச்சயமில்லை, இருப்பதைக் காப்பாற்றலாம், ஆனால் தாமதிக்கக் கூடாது என்றாள். பிறகு "ஜொதேலி யாரு பந்திதாரெ, அம்மா?" என்று கேட்டாள். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று. நான் நிமிர்ந்து உட்கார்ந்து, மகன் கீழே வண்டி நிறுத்திக்கொண்டிருக்கிறான் என்று சுத்தமான கன்னடத்தில் பொய் சொன்னேன். அவள் ஐந்து நிமிடம் உனக்காகக் காத்திருந்தாள், பாபு. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். கடைசியில் பார்க்கிங் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த கட்டம் போட்ட தாள் எதற்கென்று நீ கேட்டபோது, உன் மகளின் கணக்குத் தாள் என்றேன் அல்லவா? அது அந்தத் தாள்தான். தினமும் காலையில் காபிக்கு முன்னால், ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதைப் பார்க்க வேண்டும். நேற்றைக்கு நேராக இருந்த கோடு இன்றைக்கு வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில நாள் காபியைக் குடித்துவிட்டு, தாள் பக்கம் திரும்பாமலே ஹாலுக்குப் போய்விடுகிறேன்.

படிப்பதை விட்டுவிடாதீர்கள், சின்னதாக ஒரு டேப்லெட் வாங்கி எழுத்தைப் பெரிதாக்கி, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக வைத்துப் படியுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். ஒரு கையில் பிடிக்க வேண்டும், கோவிலில் நான் பைபிள் வாசிக்கும் வாசக மேடை மேல் வைத்தால் வழுக்காமல் நிற்க வேண்டும், அதனால் சின்னதாகத்தான் வேண்டும். சிவாஜிநகரில் அந்தச் சந்துக் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் நடு வயதுக்காரர், நல்ல மனிதர். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "அம்மா, பாட்டு கேக்கவா, படிக்கவா?" என்று கேட்டார். படிக்க என்றதும் இரண்டை எடுத்து வைத்தார். ஒரே அளவு. ஒன்றின் விலை மற்றதைப்போல் மூன்று மடங்கு. நான் என் முறைப்படிதான் பார்த்தேன். இரண்டிலும் ஒரே பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். விலை அதிகமானதில் ஒவ்வொரு எழுத்தின் சுழியும் ஊசியால் கீறியதுபோல் நின்றது. மலிவானதில் ஓரங்கள் கசிந்தன. சாய்த்துப் பார்த்தால் வெளிறியது. இரண்டையும் தெருவுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்தேன். நல்லதில் வரிகள் தெரிந்தன. மலிவானதில் என் முகமும் மேலே போகும் மின்சாரக் கம்பிகளும்தான் தெரிந்தன.

"அது நக்கோ அம்மா, வேணாம்" என்றார் பாய், மலிவானதைத் தள்ளிவைத்து. "நான் வியாபாரி, எது எடுத்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனா படிக்கிறதுக்குன்னு சொல்றீங்க. இது அஞ்சு வருஷம் தாராளமா ஓடும். அது ரெண்டு வருஷம் ஓடினா ஜாஸ்தி." நான் கேட்டேன்: "இரண்டு வருஷம் நிச்சயமாக ஓடுமா?" அவர் சிரித்துவிட்டார். "எல்லாரும் அஞ்சு நிச்சயமான்னு கேப்பாங்க. நீங்க என்னம்மா ரெண்டு நிச்சயமான்னு கேக்கறீங்க?" என்றார். "இரண்டு வருஷம் ஓடினால் போதும். அதைக் கொடுங்கள்" என்றேன். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரிய வேண்டும். என்னிடம் பணம் இல்லாமல் இல்லை. டாடியின் பென்ஷனும் என்னுடையதும் எனக்கு மிஞ்சுகிறது. ஐந்து வருஷம் ஓடுகிற பொருளை வாங்கிவிட்டு, மூன்றாவது வருஷம் அது நன்றாக ஓடிக்கொண்டிருக்க, அதன் எதிரில் நான் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருப்பதை அந்தக் கடை வாசலில் நின்றபடி பார்த்துவிட்டேன். அந்தப் பயத்தில் வாங்கியதுதான் உன் டப்பா.

இனி கல்யாணம். நம் கோவில் ரெஜினாவின் மகள் கல்யாணத்தில் முதல் வாசகம் நான்தான் வாசிக்க வேண்டும் என்று ரெஜினா ஆறு மாதம் முன்னாலேயே சொல்லிவைத்திருந்தாள். முப்பது வருஷமாக அந்தக் கோவிலில் வாசிக்கிறேன். எத்தனை பிள்ளைகளின் உச்சரிப்பைத் திருத்தி அழவிட்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். மேடையிலிருக்கும் பெரிய வாசகப் புத்தகத்தின் எழுத்து இப்போது எனக்கு எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது. அதனால் வாசகத்தை டேப்லெட்டில் ஏற்றி, பெரிதாக்கி, வீட்டில் இருபது தடவை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் போனேன். ஆனால் வீட்டின் வெளிச்சத்தில் பார்த்தேன். பத்தரை மணிக்குக் கிழக்கு ஜன்னலிலிருந்து வெயில் நேராக வாசக மேடையில் விழும் என்பது முப்பது வருஷம் அங்கே நின்றவளுக்கு நினைவில்லாமல் போயிற்று. டேப்லெட்டின் அட்டையைத் திறந்தேன். வரிகள் இல்லை. என் முகம் இருந்தது. கடைத் தெருவில் பார்த்த அதே முகம், இந்த முறை பட்டுப் புடவையில்.

அந்த நேரத்தில் ஃபாதரைப் பார்த்து, தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாராவது வந்து வாசித்திருப்பார்கள். கர்வம் விடவில்லை. கல்யாண வாசகம் எனக்கு மனப்பாடம், கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன் என்று ஆரம்பித்தேன். சபையை விளித்து ஆரம்பித்தேன், நான்கு வரி சரியாகப் போயிற்று. எந்த இடத்தில் தடம் மாறியது என்று இன்றும் தெரியவில்லை. முன் வரிசையில் தலைகள் நிமிர்ந்தன. ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். ரெஜினாவின் முகம் எனக்குத் தெரியவில்லை, ஆனால் அவள் கை வாய்க்குப் போவது தெரிந்தது. அப்போதுதான் என் காதில் என் குரலே விழுந்தது. நான் சொல்லிக்கொண்டிருந்தது அடக்கப் பூசையில் வாசிக்கும் வாசகம். உன் டாடியின் பெட்டிக்கு முன்னால் நின்று, யாரிடமும் கொடுக்கமாட்டேன் என்று பிடிவாதமாக நானே வாசித்தேனே, அந்த வாசகம். மணமேடையில் இரண்டு பிள்ளைகள் முழங்காலில் இருக்கிறார்கள், நான் செத்தவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஃபாதர் வந்து மெதுவாக என் முழங்கையைத் தொட்டு, "போதும்மா, உக்காருங்க" என்றார். இறங்கும்போது மாப்பிள்ளை வீட்டு வரிசையில் ஒரு அம்மாள் எல்லோர் காதிலும் விழும்படி, "இந்த வயசுல எதுக்கு மேல ஏத்தறாங்க? நல்ல நாளும் அதுவுமா!" என்றாள். ரெஜினா சாப்பாட்டுப் பந்தியில் என்னைத் தேடி வந்து, "பரவாயில்லக்கா, யாரும் கவனிக்கல" என்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

அதிலிருந்து என் நினைவு தப்பிவிட்டது என்று ஊர் சொல்கிறது. உன் காதுக்கும் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், கண் போகிறது என்று சொல்வதைவிட மூளை போகிறது என்று அவர்கள் நினைப்பது எனக்கு இன்னும் அவமானம், இருந்தும் நான் வாய் திறக்கவில்லை. கண் என்று சொன்னால் நீ வருவாய். நீ வந்தால் வீட்டைப் பூட்டி என்னை அத்திபெலேக்கு அழைத்துப் போவாய். பன்னிரண்டாவது மாடி, லிஃப்ட் பொத்தானின் எண்ணைத் தடவித் தடவித் தேடும் கிழவி. அந்தப் பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஊசி. ஊசிக்குக் குறித்துக் கொடுத்த முதல் தேதிக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்தேன். பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன், உள்ளே போகாமல் கேன்டீனுக்குப் போய் ஒரு காபி குடித்தேன். மேலே இரண்டாவது தடவையும் கூப்பிடுவது ஒலிபெருக்கியில் கேட்டது. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கேன்டீன் டம்ளரை நான் ஏன் கழுவினேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. இரண்டாவது தேதிக்குப் புடவை கட்டிக்கொண்டு வாசல் வரை வந்தேன், செருப்புப் போடவில்லை. மரத்துப்போக மருந்து விடுவார்கள், வலிக்காது என்கிறார்கள். வலி இல்லை என் பயம். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, ஊசி வருவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான்.

இத்தனையும் நானே வைத்துக்கொண்டு இருந்திருப்பேன். ஞாயிறு அன்று நீ அந்த டேப்லெட்டைத் திருப்பிப் பார்த்து, "நீங்களா?" என்று கேட்ட தொனிதான் என்னை உட்காரவிடவில்லை. அதே தொனியில் நான் ஒருவரைக் கேட்டிருக்கிறேன். உன் டாடி ஷூ விஷயத்தில் எப்படி என்று உனக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரு ஜோடி, அளவெடுத்துத் தைத்த தோல் ஷூ, ஞாயிறு மதியம் அவரே பாலிஷ் போடுவார். கடைசி வருஷம் ஒரு நாள் பாதையோரக் கடையில் வாங்கிய ரப்பர் செருப்போடு வந்தார். அடுத்த மாதம் பாதையோரக் கைக்கடிகாரம். அதன் பிறகு படிக்கும் கண்ணாடி, அதுவும் பாதையோரத்தில், டாக்டரிடம் போகாமலே. "இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியும் பொருள் வாங்கத் தெரியவில்லையே உங்களுக்கு" என்று உன் முன்னாலேயே சொன்னேன். நீயும் சிரித்தாய். அவர் அந்தச் செருப்பைப் பார்த்து, "எனக்கு இது போதும், விடும்மா" என்றார். அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து அவர் டூல்ஸ் அலமாரியில், ஸ்பேனர்களுக்கு அடியில், ஒரு ஆஸ்பத்திரி ஃபைல் கிடைத்தது. இதயத்தில் அடைப்பு, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. தேதியைப் பார்த்தேன். ரப்பர் செருப்பு வாங்குவதற்கு ஒரு வாரம் முன்னால். எட்டு மாதம் அவர் தனக்கு எவ்வளவு காலம் போதும் என்று அளந்து அளந்து வாங்கிக்கொண்டிருந்தார், நான் பொருளின் தரத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அந்த ஃபைலை உன்னிடம் காட்டாமல் வைத்திருந்ததும் என் தவறுதான். அவர் திடீரென்று போனார் என்றே நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். திடீரென்று இல்லை, பாபு. அவரும் பயந்திருக்கிறார். கேட்க ஆளில்லை.

உனக்கு நான் சொல்லித் தராமல் விட்ட கேள்வி அதுதான். ஒரு பொருளை வாங்கும்போது அது எவ்வளவு காலம் வரும் என்று எல்லோரும் கேட்பார்கள். அதனோடு எவ்வளவு காலம் இருக்க நான் நினைக்கிறேன் என்று யாரும் தன்னையே கேட்டுக்கொள்வதில்லை. நல்லதைப் பார்த்து வாங்குகிற ஒருவர் திடீரென்று மலிவானதைத் தேடி எடுத்தால், கேலி செய்யாதே. கஞ்சத்தனம் என்று நினைக்காதே. பக்கத்தில் உட்கார்ந்து என்ன ஆயிற்று என்று கேள். ஷீலாவாக இருந்தாலும், நாளைக்கு உன் மகளாக இருந்தாலும் கேள். நான் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை, ஆனால் உன்மேல் குற்றமில்லை, கேலி செய்ய உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

ரெஜினாவின் மகளிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்கப்போகிறேன். இந்தக் கடிதத்தின் நகலை நம் கோவில் மாத இதழுக்கும் கொடுக்க நினைக்கிறேன். அன்று முன் வரிசையில் இருந்தவர்கள், போனது என் நினைவு இல்லை என்று தெரிந்துகொள்ளட்டும். குளியலறைச் சுவர் வளைகிறது என்று மேஸ்திரியைக் கூப்பிடுகிறவர்கள் அந்தப் பெஞ்சுகளில் இன்னும் இரண்டு பேராவது இருப்பார்கள். ஆனால் முதலில் நீ படி.

வருகிற வாரம் வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மூன்றாவது தேதி. ஆஸ்பத்திரியில் இருந்து போன் செய்து, இதைத் தவறவிட்டால் டாக்டரால் ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். ஏழரைக்கு வந்துவிடு. வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு அங்கேயே இருந்துவிடாதே, மேலே வா. அந்த டாக்டர் பெண் உன்னைப் பார்க்க வேண்டும், நான் அவளிடம் பொய்க்காரியாக இருக்கக் கூடாது. உள்ளே யாரையும் விடமாட்டார்கள் என்கிறார்கள். கதவுக்கு வெளியே நில். நான் காபி குடிக்கப் போகிறேன் என்று சொன்னால் விடாதே. அத்திபெலே பற்றி அன்றைக்குப் பேசாதே. பேசலாம், ஆனால் வேறொரு நாள்.

திரும்பும்போது கண்ணில் கட்டு இருக்கும், இடது கண்தான் திறந்திருக்கும். அப்படியே சிவாஜிநகர் வழியாகப் போகலாம். அந்தச் சந்துக்குள் உன் வண்டி வராது, என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போ. பாய் என்னை அடையாளம் கண்டுகொள்வார். அந்த மூன்று மடங்கு விலைக்காரனை எடுத்து வெயிலில் பிடித்து நீ பார், எழுத்து நிற்கிறதா என்று நீ சொல். எத்தனை வருஷம் ஓடும் என்று இந்த முறை நான் கேட்கமாட்டேன்.

உன்
மம்மி